கல்யாசின் மணிக்கோபுரம்: தண்ணீர் வருவதற்கு முன்பே காணாமல் போன கோயில்

ஆற்றுக்கு நடுவில் தன்னந்தனியாக நிற்கும் வெள்ளைக் கோபுரத்தின் படத்தை அனுப்பி மூன்று கேள்வி கேட்டிருந்தீர்கள். இது நிஜப் படமா, கணினியில் செய்ததா? நிஜம் என்றால் கோயில் தண்ணீருக்கு அடியில் முழுசாக இருக்கிறதா? கோபுரத்தை மட்டும் ஏன் விட்டார்கள்?

படம் நிஜம்தான். ரஷ்யாவில், மாஸ்கோவுக்கு வடக்கே ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவில், த்வேர் மாகாணத்தில் வோல்கா ஆற்றங்கரையில் கல்யாசின் என்ற சின்ன ஊர் இருக்கிறது. அந்த ஊரின் புனித நிக்கோலாஸ் கோயிலுக்கு உரிய மணிக்கோபுரம் இது. உயரம் 74.5 மீட்டர்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் 'இல்லை'. இந்தப் படத்தோடு சுற்றும் குறிப்புகள் பெரும்பாலும் 'நீரில் மூழ்கிய தேவாலயம்' என்றுதான் சொல்கின்றன. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது; ஆனால் தண்ணீர் வந்தபோது மூழ்குவதற்கு அங்கே கோயிலே இல்லை. அதற்கு முன்பே ஆட்களை வைத்துச் செங்கல் செங்கலாகப் பிரித்துவிட்டார்கள். இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் மீதிக் கதை தானாகப் புரியும். கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன்.

ஆர்த்தடாக்ஸ் என்றதும் நம்மில் பலருக்குக் கேரளத்து ஆர்த்தடாக்ஸ் சபை நினைவுக்கு வரும். அது வேறு குடும்பம், கி.பி. 451இல் கால்சிடோன் சங்கத்தை ஒட்டி ஏற்பட்ட பிரிவின் வழியில் வந்தது. ரஷ்யர்களுடையது கான்ஸ்டான்டினோபிள் வழி வந்த சபை. 988இல் கீவ் நகரத்து இளவரசர் விளாதிமிர் ஞானஸ்நானம் பெற்றதிலிருந்து அதன் கணக்கு தொடங்குகிறது.

கல்யாசினில் பழைய மடங்கள் இரண்டு இருந்தன. ஒன்று ஜாப்னியா என்ற சிற்றாறு வோல்காவில் கலக்கும் இடத்துக்கு அருகே, புனித நிக்கோலாஸ் பெயரில். இன்னொன்று ஆற்றுக்கு எதிர்க்கரையில், பரிசுத்த திரித்துவத்தின் பெயரில். இரண்டாவதைத் தொடங்கியவர் 15ஆம் நூற்றாண்டுத் துறவி மக்காரி. ஊர்ப்பெயருக்கே அவரைச் சுற்றி ஒரு கதை உண்டு. அந்தப் பகுதியில் இவான் கொல்யாகா என்று ஒரு நிலக்கிழார். இந்தத் துறவி வந்து உட்கார்ந்தால் நம் நிலம் போய்விடும் என்று பயந்து, அவரைக் கொன்றுவிட நினைத்தாராம். பிறகு நோயும் துன்பமும் வந்து, மனம் மாறி, நிலத்தையே மடத்துக்கு எழுதிக் கொடுத்துத் தானும் துறவியானாராம். கொல்யாகா என்ற பெயர்தான் கல்யாசின் ஆயிற்று என்பார்கள். தன்னைக் கொல்ல நினைத்தவர் பெயரையே மக்காரி மடத்துக்கு வைத்துக்கொண்டார் என்பது கதையின் அழகு. தலபுராணக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வகை புதிதல்ல.

மக்காரி காலத்து மடத்துக்கு வந்த ஒரு பயணியைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. த்வேர் நகரத்து வணிகர் அஃபனாசி நிகித்தின். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்குவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே இந்தியாவுக்கு வந்து, பீதரில் பாமினி சுல்தான்களின் ஆட்சியைப் பார்த்துவிட்டுப் போனவர். வோல்கா வழியாகப் படகில் கிளம்பிய அவர், கல்யாசின் மடத்துக்குப் போய் மடத்தலைவர் மக்காரியிடம் ஆசி வாங்கியதைத் தன் பயணக் குறிப்பின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார். அதே குறிப்பில் 'பர்வத்' என்ற இடத்துக்கு இந்துக்களோடு போனதையும், அங்கே கருங்கல்லில் பெரிய எருது இருந்ததையும், மக்கள் அதன் குளம்பை முத்தமிட்டுப் பூத்தூவுவதையும் எழுதுகிறார். பர்வத் என்பது ஸ்ரீசைலம் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். தேவாரம் திருப்பருப்பதம் என்று பாடும் அதே மலை. கல்யாசினில் சிலுவைக்கு முன் குனிந்துவிட்டுக் கிளம்பிய மனிதர் திருப்பருப்பதத்து நந்தியைப் பார்த்து நின்றிருக்கிறார். ஊர் திரும்பும் வழியில், ஸ்மொலென்ஸ்க் அருகே, த்வேரைப் பார்க்காமலே இறந்துபோனார்.

அவர் போனபோது உங்கள் படத்தில் இருக்கும் கோபுரம் இல்லை. அது வர இன்னும் முந்நூறு ஆண்டுக்கு மேல் இருந்தது. நடுவில் ஒரு போர். 1609இல் போலந்து-லித்துவேனியப் படைகள் ரஷ்யாவுக்குள் புகுந்திருந்த குழப்பக் காலம். இளம் தளபதி மிகயீல் ஸ்கோப்பின்-ஷூயிஸ்கி கல்யாசினில் முகாம் போட்டு, குடியானவர்களைத் திரட்டி, சுவீடன் நாட்டு அதிகாரிகளை வைத்து அவர்களுக்குப் போர்ப்பயிற்சி கொடுத்தார். ஆகஸ்டில் போலந்து-லித்துவேனியத் தளபதி யான் சப்பியேஹாவின் படை வந்தபோது ஜாப்னியா கரையில் சண்டை நடந்தது, சப்பியேஹா பின்வாங்கினார். ஆனால் அடுத்த ஆண்டே லிசோவ்ஸ்கி என்பவரின் குதிரைப்படை வந்து மக்காரி மடத்தைச் சூறையாடிவிட்டது.

சரி, நம் கோயிலுக்கு வருவோம். நிக்கோலாஸ் கோயிலின் கல் கட்டடம் 1694இல் எழுந்தது. மடம் பின்னாளில் இல்லாமல் போய், அந்தக் கோயில் ஊரார் கோயிலாகிவிட்டது. 1775இல் பேரரசி இரண்டாம் கத்தரீன் காலத்தில் கல்யாசினுக்கு நகரம் என்ற தகுதி கிடைத்தது. வோல்கா வணிகத்தால் கொஞ்சம் காசு புழங்கியது. தாழ்வான ஆற்றங்கரையில் சந்தைத் திடல், அதைச் சுற்றிக் கடைவரிசைகள், நடுநாயகமாக நிக்கோலாஸ் கோயில்.

அதன் பக்கத்தில் 1796 முதல் 1800 வரை கட்டியதுதான் இந்த மணிக்கோபுரம். கோயில் பழைய ரஷ்ய பாணி. கோபுரமோ அந்தக் காலத்துக்குப் புதிதாக வந்த கிரேக்க-ரோமானிய பாணி. தூண்கள், வளைவு வாசல்கள், மேலே போகப் போகச் சிறுக்கும் அடுக்குகள், உச்சியில் சின்னக் குவிமாடம், அதன்மேல் ஊசிபோல் நீளும் முனையில் சிலுவை. ரஷ்யக் கோயில் என்றதும் வெங்காய வடிவக் குவிமாடத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு இதைப் பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். 74.5 மீட்டர் என்றால் இன்றைய இருபது மாடிக்கு மேல். அந்தச் சிற்றூருக்கு அவ்வளவு உயரம் எதற்கு என்று தோன்றலாம். தட்டையான வோல்கா சமவெளியில் படகில் வருகிறவனுக்கு ஊர் வருவதை முதலில் சொல்வது கோபுரம்தான். நம் ஊர்களில் தொலைவிலிருந்தே கோபுர தரிசனம் கிடைப்பதைப்போல.

கோபுரத்தில் 12 மணிகள் இருந்தன. மிகப் பெரியதன் எடை 501 பூடு. பூடு என்பது பழைய ரஷ்ய எடை அளவு, 16.38 கிலோ. கணக்குப் போட்டால் 8,206 கிலோ வருகிறது, எட்டு டன்னுக்கு மேல். இரண்டாம் நிக்கோலாஸ் ஜார் பட்டமேறியதை நினைவுகூர 1895இல் வார்த்த மணி அது.

ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் மரபில் மணியை ஆட்டமாட்டார்கள். மேற்கு ஐரோப்பாவில் மணியே ஊஞ்சல்போல் ஆடும், உள்ளே நாக்கு தானாகப் போய் மோதும். ரஷ்யாவில் மணி அசையாமல் தொங்கும். அதன் நாக்கில் கயிறு கட்டி மணியடிப்பவர் இழுப்பார். ஒரே ஆள் கையாலும் காலாலும் பல கயிறுகளை இழுத்துத் தாளம் கட்டுவார். எட்டு டன் மணிக்கு நாக்கே பெருங்கனம் என்பதால் அதை ஆட்டவே தனி ஆள் வேண்டியிருக்கும். இதை ஏன் விளக்குகிறேன் என்றால், பின்னால் ஒரு கதை வருகிறது.

1917 புரட்சிக்குப் பிறகு சோவியத் அரசு மதத்துக்கு எதிராக நடந்துகொண்டது தெரிந்ததே. 1920களின் கடைசியிலிருந்து நாடெங்கும் கோயில் மணிகளை இறக்கி உருக்கினார்கள். வெண்கலம் தொழிற்சாலைக்கு வேண்டும் என்பது ஒரு காரணம், ஊரில் மணியோசையே கேட்கக் கூடாது என்பது இன்னொன்று.

ஆனால் கல்யாசின் கோயிலின் தலையெழுத்தை முடிவு செய்தது மதக்கொள்கை மட்டுமல்ல, மின்சாரமும்தான். ஸ்டாலின் காலத்தில் வோல்கா ஆற்றை அணைகளால் படிக்கட்டுபோல் ஆக்கும் பெருந்திட்டம் வந்தது. பெரிய கப்பல்கள் போக ஆழம் கிடைக்கும், மாஸ்கோவுக்கு மின்சாரமும் கிடைக்கும். 1935இல் வோல்காஸ்த்ரோய் என்ற கட்டுமான அமைப்பையும் அதற்கு ஆள் கொடுக்க வோல்காலாக் என்ற கைதி முகாமையும் தொடங்கினார்கள். கல்யாசினுக்குக் கீழே உக்லிச் நகரத்தில் ஒரு அணை, அதற்கும் கீழே ரிபின்ஸ்கில் இன்னொன்று. இரண்டையும் பெரும்பாலும் கைதிகளின் கைகளே கட்டின.

உக்லிச் அணைக்குப் பின்னால் தேங்கிய நீர் ஏறத்தாழ 249 சதுர கிலோமீட்டர் பரந்தது. 1939இல் தண்ணீர் தேக்கத் தொடங்கினார்கள், 1940 டிசம்பரில் முதல் மின்னாக்கி ஓடியது. அடுத்த ஆண்டு ஜெர்மானியப் படை மாஸ்கோ வாசல்வரை வந்தபோது தலைநகரத்துக்கு விளக்கெரிய வைத்ததில் இந்த மின்சாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அணையைப் பற்றி ரஷ்யர்களிடம் பேசினால் இரண்டு பக்கமும் கோபமாகப் பேசுகிறவர்கள் கிடைப்பார்கள்.

கல்யாசினில் போனது தாழ்வான பழைய ஊர்: சந்தைத் திடல், கடைவரிசைகள், ஆற்றங்கரைத் தெருக்கள். பழைய நகரத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடுகளைக் கழற்றி மேட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி பூட்டலாம். செங்கல் வீட்டை அப்படி எடுத்துப் போக முடியாது. தேங்கிய நீரில் கப்பல் போக வேண்டும், அடியில் இடிபாடு எதுவும் தட்டக் கூடாது. அதனால் தண்ணீர் பரவும் இடத்தில் இருந்த கட்டடங்களை முன்கூட்டியே இடித்துத் துப்புரவு செய்வது திட்டத்தின் பகுதி. நிக்கோலாஸ் கோயிலை அப்படித்தான் பிரித்தார்கள். எதிர்க்கரையில் மக்காரி மடத்துக்கும் அதே கதி. அது இருந்த மேட்டில் எஞ்சிய நிலம் இன்று ஆற்றில் ஒரு தீவு.

ஆக, படகிலிருந்து குனிந்து பார்த்தால் கீழே குவிமாடமோ பலிபீடமோ தெரியாது. அடியில் கிடப்பது அஸ்திவாரமும் தெருவும் சேறும்தான்.

இந்த இடிபாட்டுக்கு நடுவே நடந்த ஒரு நல்ல காரியத்தை இந்தப் படத்தைப் பகிர்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை. மக்காரி மடத்தின் திரித்துவக் கோயிலுக்குள் 1654இல் தீட்டிய சுவரோவியங்கள் இருந்தன. ஈரச்சுண்ணாம்பில் நிறம் ஊறித் தீட்டும் முறை என்பதால் ஓவியத்தைச் சுவரிலிருந்து தனியாக உரிக்க முடியாது; சுண்ணப் பூச்சோடு சேர்த்து எடுத்தாக வேண்டும். ஓவியத்தின் முகத்தில் துணி ஒட்டி, பின்னால் பூச்சை மெல்ல அறுத்து, பலகை பலகையாக இறக்குவார்கள். அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளைத் தண்ணீர் வருவதற்குள் மீட்டுவிட்டார்கள். அவற்றில் பெரும்பகுதி இன்று மாஸ்கோவில் ஷூசெவ் கட்டடக்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோயிலை இடிக்க உத்தரவிட்டதும் ஓவியத்தைக் காப்பாற்ற அனுமதித்ததும் ஒரே அரசுதான். அந்த அவசரத்தில் சாரத்தின்மேல் நின்று சுண்ணாம்பை அறுத்தவர்களை நினைத்தால் எனக்குக் கோபுரத்தைவிட அவர்கள்மேல்தான் வியப்பு அதிகம்.

இப்போது மூன்றாவது கேள்வி. கோபுரத்தை ஏன் விட்டார்கள்? பக்தியால் அல்ல. அந்த இடத்தில் வோல்கா சட்டென்று வளைகிறது. நீர்த்தேக்கம் வந்த பிறகு பழைய கரை மறைந்து எங்கும் ஒரே தண்ணீராகிவிட, எங்கே திரும்புவது என்று கப்பலோட்டிக்குக் காட்ட ஓர் அடையாளம் தேவைப்பட்டது. புதிதாகக் கட்டுவானேன், 74 மீட்டரில் தயாராக ஒன்று நிற்கிறதே என்று அதையே கலங்கரை விளக்கமாக்கிவிட்டார்கள். பாராசூட் குதித்துப் பழக வைத்திருந்தார்கள் என்று இன்னொரு காரணமும் சொல்வார்கள். 1930களில் சோவியத் இளைஞர்களிடையே பாராசூட் பைத்தியம் இருந்தது உண்மை, அதற்கென்றே கோபுரங்கள் கட்டினார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் என் கணக்கில் கப்பல் காரணம்தான் கனமானது. கோபுரம் தப்பியதற்கு அதன் உயரமும் அது நின்ற இடமும் போதும். நிக்கோலாஸ் கடலோடிகளுக்கும் பயணிகளுக்கும் காவலர் என்பது சபை மரபு. அவர் கோயிலின் கோபுரமே கப்பலுக்கு வழிகாட்டியாக மிஞ்சியதில் நம்பிக்கையுள்ளவர்கள் ஒரு பொருளைக் காண்கிறார்கள்.

வோல்கா-பால்டிக் நீர்வழியில் இன்னொரு கோயிலும் இப்படிப் பிழைத்தது: 1960களில் ஷெக்ஸ்னா நீர்த்தேக்கத்தில் அகப்பட்ட குரோகினோ ஊர்க்கோயில். அதுவும் கப்பல்களுக்கு வழிகாட்டியாக இருந்தது. இப்போது பாதி இடிந்து நிற்கிறது. ரிபின்ஸ்க் தேக்கத்திலோ மொலகா என்ற நகரமே போய்விட்டது, கோபுரம்கூட மிச்சமில்லை.

அப்புறம் அந்தப் பெரிய மணியின் கதை. கோபுரத்திலிருந்து இறக்கும்போது அது தளங்களை உடைத்துக்கொண்டு அடித்தளத்தில் போய் விழுந்துவிட்டது என்றும், எடுக்க முடியாமல் அங்கேயே விட்டுவிட்டார்கள் என்றும் ஊரில் பேச்சு. 1941 ஜூனில் போர் தொடங்கும் முன்பு தண்ணீருக்குள்ளிருந்து அது தானாக அடித்ததாம். போரின் பெரிய சண்டைகளுக்கு முன்பும் கேட்டதாம். கடைசியில் பயந்துபோய் அடித்தளத்தில் மணல் கொட்டி மூடினார்களாம். கேட்க உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் மேலே சொன்ன மணியடிக்கும் முறையை நினைத்துப் பாருங்கள். நாக்கை ஒருவர் இழுத்தால்தான் ரஷ்ய மணி பேசும். தரையில் கவிழ்ந்து கிடக்கும் மணியை அடித்தாலும் 'தொப்' என்றுதான் கேட்கும். வெண்கலக் கிண்ணத்தை மேசைமேல் கவிழ்த்துவைத்துத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மகன்களைப் போருக்கு அனுப்பிய ஊர், முன்பு தினமும் கேட்டு இப்போது நின்றுபோன ஓசையைக் காதுக்குள் கேட்டிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வளவு காலம் தண்ணீரில் எப்படி நிற்கிறது என்றும் நீங்கள் கேட்கக்கூடும். பல பத்தாண்டு அது வெறும் தண்ணீரில்தான் நின்றது. அங்கே வெள்ளத்தைவிடப் பெரிய எதிரி பனிக்கட்டி. குளிர்காலத்தில் நீர்த்தேக்கம் முழுக்க உறைந்து, வசந்தத்தில் உடைந்து நகரும்போது அந்தப் பாளங்கள் செங்கல்லை அரிக்கும், தள்ளும். 1980களின் கடைசியில் கோபுரத்தைப் பலப்படுத்தி, அடியைச் சுற்றி மண்ணும் கல்லும் கொட்டிச் சின்னத் தீவு ஒன்றை உண்டாக்கினார்கள். படகு அணையத் துறையும் இருக்கிறது. படத்தில் கோபுரத்தின் காலடியில் ஒரு திட்டு தெரிகிறதே, அது இயற்கைத் தீவு அல்ல, செயற்கை. தண்ணீரைத் தொடாமல் நிற்பதுபோல் தெரிவதும் அதனால்தான். உண்மையில் அடிப்பகுதியில் கொஞ்சம் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது.

சோவியத் ஆட்சி போன பிறகு வழிபாடும் மெல்லத் திரும்பியது. 2007 மே 22 அன்று கோபுரத்துக்குள்ளேயே திருப்பலி நடந்தது. அந்தத் தேதி சும்மா வைத்ததல்ல. 1087இல் நிக்கோலாஸின் திருப்பண்டங்களை, அதாவது அவருடைய எலும்புகளை, இத்தாலியின் பாரி நகரத்துக்குக் கொண்டுபோன நாளை ரஷ்யச் சபை மே 22 அன்று கொண்டாடுகிறது.

நேரில் பார்க்க நினைத்தால் பருவத்தைத் தேர்ந்து போங்கள். கோடையில் படகில் போய்த் தீவில் இறங்கலாம். கடுங்குளிரில் ஆறு உறைந்தபின் ஊர்க்காரர்கள் பனிமேல் நடந்தே போவார்கள். வசந்தம் நெருங்கும்போது பனி மெலிந்துவிடும், அப்போது வேண்டாம். பனி உருகி வரும் வெள்ளத்துக்கு இடம் விட நீர்த்தேக்கத்தை முன்கூட்டியே வடித்து வைப்பதால், வசந்தத்தின் தொடக்கத்தில் நீர்மட்டம் நன்றாக இறங்கியிருக்கும். மற்ற மாதங்களில் மறைந்திருக்கும் பழைய கரை அப்போதுதான் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். ஊருக்கு வெளியே இன்னொரு பெரிய வெள்ளை உருவமும் கண்ணில் படும்: 64 மீட்டர் விட்டமுள்ள வானொலித் தொலைநோக்கித் தட்டு, 1992இலிருந்து இயங்குகிறது. முதல்முறை போகிறவர்கள் தூரத்திலிருந்து அதைப் பார்த்துவிட்டுக் கோபுரம் வந்துவிட்டது என்று நினைப்பதுண்டு. ஆற்றுப்பக்கம் திரும்பிப் பாருங்கள்.